கடவுளுக்குக் குவாண்டம் சாட்சி சொல்லுமா?

(இராமநாதபுரம் அரண்மனை வாசல் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கடவுள் மறுப்பாளன். அதை மறைத்துக்கொண்டு இந்த மேடையில் நிற்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது புராணத்தைப் பற்றி அல்ல. முன்பெல்லாம் கடவுளுக்குச் சாட்சியாகப் புராணத்தைக் கூப்பிட்டார்கள். இப்போது குவாண்டம் இயற்பியலைக் கூப்பிடுகிறார்கள். "பார்ப்பவன் இல்லாவிட்டால் பொருளே இல்லை என்று விஞ்ஞானம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஆகவே நனவுதான் ஆதி, அந்த நனவுதான் பரம்பொருள்" என்று யோகா முகாமில் சொல்கிறார்கள், யூடியூபில் சொல்கிறார்கள், கல்லூரி விழாவுக்கு வந்து பிள்ளைகளிடமும் சொல்கிறார்கள். சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் சொல்கிறார்கள். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

குவாண்டம் இயற்பியலைப் பார்க்க ஆசிரமத்துக்குப் போக வேண்டாம். ராமேஸ்வரம் ஜெட்டிக்குப் போங்கள். விசைப்படகில் ஜிபிஎஸ் கருவி மாட்டியிருக்கும். எல்லைக்கோடு எங்கே என்று டிரைவர் அதைப் பார்த்துத்தான் படகைத் திருப்புகிறார். தப்பினால் பக்கத்து நாட்டுச் சிறை. அந்தக் கருவிக்குச் சமிக்ஞை அனுப்பும் செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம். சீசியம் அணு நிலை மாறும்போது வரும் கதிர் 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770 முறை அதிர்ந்தால் ஒரு நொடி. 1967 முதல் உலகம் நொடியை அப்படித்தான் அளக்கிறது. கடிகாரம் நூறு கோடியில் ஒரு பங்கு நொடி பிசகினால், கணக்கில் தூரம் ஓர் அடி தள்ளிப்போகும். அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனவர் படகிலும், எதையும் கும்பிடாதவர் படகிலும் அது ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது. கோடி முறை சோதித்துப் பெற்ற உறுதி இது. இந்த உறுதியை இரவல் வாங்கித்தான் அவர்கள் பரம்பொருளுக்குப் பூசுகிறார்கள்.

பார்ப்பவன் என்ற விஷயத்துக்கு வருவோம். 1999இல் வியன்னாவில் இயற்பியலாளர் ஆன்டன் சைலிங்கர் குழுவினர், 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அலைபோல நடந்துகொள்வதைக் காட்டினார்கள். 2004இல் அதே குழுவினர் 70 கார்பன் அணு மூலக்கூறுகளைச் சூடாக்கி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற அலைத்தன்மை மங்கி மறைந்தது. காரணம் என்ன? சூடான மூலக்கூறு வெப்ப ஒளியைக் கக்கியது. அது போன வழியின் தடயம் அந்த ஒளியோடு வெளியே போய்விட்டது. அந்த ஒளியை எந்த மனிதனும் பார்க்கவில்லை. எந்த ரிஷியும் பக்கத்தில் உட்கார்ந்து தியானம் செய்யவில்லை. வெளியுலகத்தோடு ஏற்பட்ட தொடர்பே போதுமாக இருந்தது. அளவீட்டில் மனித நனவுக்குப் பங்கு உண்டு என்று 1961இல் எழுதிய யூஜின் விக்னர் நோபல் பரிசு பெற்றவர். பிற்காலத்தில் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். இதை மட்டும் அந்த மேடைகளில் ஏன் சொல்வதில்லை?

விவேகானந்தர் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டார் என்பார்கள். அவர் நம் மண்ணில் கால் வைத்தவர். 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் இறங்கினார். மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில், ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்று பேசினார். அந்தப் பேச்சுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் கருத்தை முன்வைத்ததே 1900இல்தான். அதற்கு முன்பு, 1896இல், ஜடப்பொருளும் ஆற்றலும் ஒன்றே என்று நிகோலா டெஸ்லா கணக்குப் போட்டுக் காட்டப்போவதாக விவேகானந்தர் கடிதம் எழுதினார். வேதாந்தத்துக்கு அது அடித்தளமாகும் என்று நம்பினார். டெஸ்லாவிடமிருந்து அந்த நிரூபணம் வரவே இல்லை. இயற்பியலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் ஆசைக்கு இத்தனை வயதாகிறது, தோழர்களே.

இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸை மட்டும் நான் அந்த வரிசையில் சேர்க்க மாட்டேன். அவரும் ஸ்டூவர்ட் ஹாமராஃப் என்ற மயக்க மருந்து நிபுணரும், மூளைச் செல்களின் நுண்குழாய்களில் குவாண்டம் நிகழ்வு நடக்கிறது, நனவு அங்கேதான் பிறக்கிறது என்றார்கள். அது நேர்மையான அறிவியல் ஊகம். 2000இல் இயற்பியலாளர் மாக்ஸ் டெக்மார்க், மூளையின் சூட்டில் அந்த நிலை ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு நேரம்கூட நிலைக்காது என்று கணக்குப் போட்டார். ஹாமராஃப் தரப்பு மறுகணக்குப் போட்டது. வழக்கு நடக்கிறது, தீர்ப்பு வரவில்லை. பென்ரோஸ் 2020இல் நோபல் வாங்கியது கருந்துளை ஆய்வுக்காக. அவர் எந்த மதத்தையும் நம்புகிறவரும் அல்லர். நுண்குழாயில் குவாண்டம் இருப்பதாக நாளையே நிரூபணமானாலும், அதிலிருந்து சிவனும் வரமாட்டார், ஏசுவும் வரமாட்டார், அல்லாவும் வரமாட்டார்.

நம் பக்கத்துத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. நனவை அறிவியல் முழுதாக விளக்கிவிட்டது என்று மேடையில் முழங்காதீர்கள். 1998இல் மூளை அறிவியலாளர் கிறிஸ்டோஃப் கோக், 25 ஆண்டுக்குள் விடை கிடைக்கும் என்று தத்துவவாதி டேவிட் சால்மர்ஸிடம் பந்தயம் கட்டினார். 2023இல் ஊரறியத் தோல்வியை ஒப்புக்கொண்டு வைன் பாட்டில்களைக் கொடுத்தார். அறிவியலாளருக்கு அழகு அது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நமக்கென்ன கூச்சம்? தெரியாத இடமெல்லாம் கடவுளின் புறம்போக்கு நிலம் என்று யார் பட்டா கொடுத்தார்கள்?

"அப்துல் கலாமே கடவுளை நம்பினாரே" என்று கேட்பார்கள். நம்பினார். ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்த அந்த மனிதர் தொழுதார், கீதையும் படித்தார். அது அவர் உரிமை. ஆனால் 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததைக் கேளுங்கள். எஸ்எல்வி-3 ஏவுவதற்குச் சில நிமிடம் இருக்கும்போது கணிப்பொறி நிறுத்தச் சொன்னது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு. எரிபொருள் கையிருப்பு போதும் என்று நிபுணர்கள் உறுதி சொன்னார்கள். கலாம் கணிப்பொறியை மீறி ஏவச் சொன்னார். ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அதன் பிறகு விதி என்று அவர்கள் உட்காரவில்லை. எந்த வால்வு, எந்த அமிலம், எங்கே கசிந்தது என்று கண்டுபிடித்தார்கள். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. இந்தக் கதையைக் கலாமே ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளிடம் சொன்னார். அவர் தொழுகையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் இந்த விசாரணையையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இதெல்லாம் படித்தவர்கள் சண்டை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்துக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை. மனம் மூளையைச் சார்ந்தது அல்ல, அது வேறோர் உலகத்து விஷயம் என்று நம்புகிறவன், மனம் நோயுற்றவனைப் பார்த்தால் பேய் என்பான், செய்வினை என்பான். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். ஓடக் கால் இருந்தது, சங்கிலி விடவில்லை. இந்துக் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டன. ஆகவே ஒரு மதத்தின் மேல் நான் பழி போட மாட்டேன். அத்தனை பேரையும் அங்கே இருத்தியது, மருந்தால் தீராதது தெய்வத்தால் தீரும் என்ற உறுதி. அந்த உறுதியை எந்த வால்வைப் பிரித்துப் பார்த்து அடைந்தார்கள்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் திட்டம் வந்தது. கடவுள் மறுப்பாளனான நான் அதை வரவேற்கிறேன். மருந்து உள்ளே போனால் போதும். பிரார்த்தனையை நான் தடுக்கப் போவதில்லை.

தாய்மார்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் தனக்குத்தானே பேசினால், தூங்காமல் அலைந்தால், கயிற்றைத் தேடாதீர்கள், பூசாரியைத் தேடாதீர்கள், குவாண்டம் சிகிச்சை என்று பலகை மாட்டியவனிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 14416.