வள்ளத்தின் பின்னறையில் நீர் புகாமற் காத்தல்

(வாவிக்கரைக் கமக்காரர்களுக்கு விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

கமக்காரப் பெருமக்களே,

நெல்லையும் மரக்கறியையும் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் வள்ளத்தைப் பற்றிப் பேசுவது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையவர்களுக்கு இதன் விடையைக் கூறவேண்டியதில்லை. 2014 ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் பலருடைய பயணம் இலகுவாயிற்று. ஆயினும் விதைநெல்லையும் பசளையையும் வள்ளத்தில் ஏற்றிச் சென்று, கத்தரியையும் மிளகாயையும் அதே வள்ளத்தில் ஏற்றி வருவோர் இன்னும் உளர். அவர்களுக்கு மண்வெட்டியைப் போல வள்ளமும் ஒரு கமக்கருவியே ஆகும்.

இன்று நம்மிடையே வழங்குபவை பெரும்பாலும் கண்ணாடியிழை வள்ளங்களே. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து ஆழிப்பேரலைக்குப் பின்னர் இவை ஏராளமாகக் கட்டி வழங்கப்பட்டன. அக்காலத்து வள்ளம் உங்களிடம் இருப்பின் அதன் வயது இருபது ஆண்டைக் கடந்துவிட்டது. ஆகையால் அதன் பின்பலகையையும், அதனை அடுத்துள்ள மூடிய அறையையும் நீங்கள் சோதித்துப் பார்த்தல் அவசியமாகும்.

மறைந்திருக்கும் நீரே ஆபத்தானது

வெளியிணைப்பு இயந்திரம் பூட்டப்படும் பின்பலகை, வெளிப்பார்வைக்குக் கண்ணாடியிழையாகத் தோன்றினும், பல வள்ளங்களில் அதன் நடுவே ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்னால் அடைக்கப்பட்ட அறை, உள்ளே காற்றை வைத்திருந்து, வள்ளம் நீர் கொண்டாலும் முற்றாக அமிழ்ந்துவிடாமல் தாங்குவதற்காக அமைக்கப்பட்டதாகும்.

வள்ளத்தின் அடியில் நிற்கும் நீரை நாம் காண்கிறோம், இறைத்துவிடுகிறோம். மூடிய அறைக்குள் நிற்கும் நீரை நாம் காண்பதில்லை. 4 அடி நீளமும், 1 அடி அகலமும், 1 அடி உயரமும் உள்ள ஓர் அறை நிரம்பினால் ஏறத்தாழ 113 லீற்றர் நீர் கொள்ளும். அதன் பாரம் 113 கிலோ; அதாவது இரண்டு பசளை மூட்டைகளிலும் கூடுதலான பாரம், இயந்திரத்தின் பாரத்துடன் சேர்ந்து வள்ளத்தின் பின்புறத்தை அமிழ்த்துகின்றது. காற்று எழுந்து அலை பின்புறமாக ஏறும் வேளையில், தாங்கவேண்டிய அறையே வள்ளத்தைக் கீழே இழுத்துவிடும். அன்றியும், ஊறிய ஒட்டுப்பலகை உக்கிப்போய், ஓட்டத்தின் நடுவே இயந்திரம் பலகையோடு பெயர்ந்துபோகவும் கூடும். விதைநெல்லையும் யூரியாவையும் மறுபடியும் வாங்கலாம். வாவியிற் போன உயிரை வாங்க முடியுமா?

நீர் புகும் வழிகள்

வரம்பில் நண்டு வளை இருந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? நீர் வெளிப்படும் வாயில் மண்ணை அப்பினால் பயனில்லை என்பதை அறிவீர்கள். நீர் நிற்கும் பக்கத்து வாயைத் தேடி, வளையை வெட்டித் திறந்து, நல்ல களிமண்ணை இட்டு மிதிக்கிறீர்கள். வள்ளத்திற்கும் இதுவே விதி. முதலில் நீர் புகும் வாயைக் காணவேண்டும். சோதிக்கவேண்டிய இடங்கள் ஐந்து:

1. இயந்திரத்தைப் பிடிக்கும் மரையாணிகளின் துளைகள்.
2. நீரை வெளியேற்றும் துளையும் அதன் அடைப்பும்.
3. அறையின் மேற்றட்டு வள்ளத்தின் உடலோடு சேரும் பொருத்து.
4. அறையின் மூடியும் அதன் இறப்பர் விளிம்பும்.
5. பின்பலகை பக்கங்களோடு சேரும் மூலைகளில் உள்ள வெடிப்புகள்.

வள்ளத்தைக் கரையேற்றி, அடியில் நன்றாக முட்டுக்கொடுத்து, அறையிலுள்ள நீரை முற்றாக வடித்துவிடுங்கள். வெளிப்புறம் உலர்ந்தபின், துணிக்கு இடும் நீலம் சிறிது கலந்த நீரை அறையின் பாதியளவுக்கு ஊற்றி ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள். நீலம் கசியும் இடங்களைச் சுண்ணக்கட்டியாற் குறித்துக்கொள்ளுங்கள். மேற்பொருத்துகளைச் சோதிப்பதற்கு, நீரை வடித்தபின் வெளியே சவர்க்கார நுரையைப் பூசி, ஓர் இறப்பர்க் குழாயை நீர்த்துளையிற் செருகி வாயினால் மெல்ல ஊதுங்கள். குமிழி எழும் இடமே கசியும் இடமாகும். காற்றமுக்கி இயந்திரத்தை இதற்கு ஒருபோதும் உபயோகிக்கவேண்டாம். அதன் அமுக்கத்தால் பொருத்துகள் பிளந்துபோகலாம்.

மூடியைச் சோதிக்க, அது படியும் விளிம்பிற் சுண்ணக்கட்டியைத் தேய்த்து மூடித் திறவுங்கள். இறப்பரில் வெண்கோடு இடையறாது பதிந்திருந்தால் மூடி நன்று. கோடு அறுந்த இடத்தால் நீர் புகும். தட்டையாகிப்போன இறப்பரை மாற்றிவிடுங்கள்.

பின்பலகையைச் சிறு சுத்தியலாற் பல இடங்களிலும் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென ஒலிக்கும். உக்கிய பலகை மந்தமாக ஒலிக்கும். ஐயம் ஏற்படின் உட்புறத்தில், கீழ்ப்பாகத்தில், சிறு துளை ஒன்று இட்டுப் பாருங்கள். வெளிவரும் மரத்தூள் உலர்ந்து வெளிறியிருந்தால் அத்துளையை அடைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடரலாம். தூள் கறுத்து ஈரமாக இருந்தால் பலகை கெட்டுவிட்டது என அறிக. அப்பொழுது மேலே பூசி மறைப்பதால் பயனில்லை. வள்ளம் கட்டுவோரிடம் கொடுத்துப் பலகையை மாற்றுவதே தக்கது.

உலர்த்துதலே பாதி வேலை

ஈரத்தின்மேல் இடும் எப்பூச்சும் ஒட்டாது. அது உள்ளிருக்கும் நீரைச் சிறைப்படுத்தி, மரம் விரைவில் உக்குவதற்கே உதவும். வாவிநீரின் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மையது. ஆகையால் முதலில் அறையை நன்னீராற் கழுவுங்கள். பின்னர் மூடியையும் நீர்த்துளையையும் திறந்துவைத்துப் பல நாட்கள் உலரவிடுங்கள். மழைக்கு மாத்திரம் மறைப்புக் கட்டுங்கள். அறைக்குள் நுரைப்பஞ்சு இடப்பட்டிருந்து அது நீர் குடித்துப் பாரமாகியிருந்தால் அதனை அகற்றிவிடவேண்டும். அதற்குப் பதிலாக மூடி இறுக்கிய வெறும் குடிநீர்ப் போத்தல்களை நெருக்கமாக அடுக்கலாம். கிருமிநாசினிப் போத்தல்களை இதற்கு எடுக்கவேண்டாம். அவற்றில் எஞ்சிய நஞ்சு, அறையைத் துப்புரவு செய்வோருக்குக் கேடு விளைக்கும்.

அடைக்கும் முறை

வெடிப்புகள்: வெடிப்பின் வாயைச் சற்று அகட்டிச் சுரண்டி, சுற்றிலும் 5 சென்ரிமீற்றர் அகலத்திற்கு அரத்தாளாற் பளபளப்பு நீங்கத் தேய்த்து, தூசியைத் துடையுங்கள். கண்ணாடியிழைப் பாயை இரண்டு மூன்று துண்டுகளாக, ஒன்றிலும் மற்றது பெரிதாக வெட்டி, றெசினில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுங்கள். காற்றுக்குமிழி தங்காதவாறு தூரிகையாற் குத்தி அமர்த்துங்கள். பொலியெஸ்ரர் றெசினுக்கு ஊக்கி 1 முதல் 2 வீதம், அதாவது 1 கிலோவிற்கு 10 முதல் 20 கிராம் வரையே கலக்கப்படும். வெயிற் காலத்தில் குறைந்த அளவே போதும்.

மரையாணித் துளைகள்: மரையாணியைக் கழற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி, மரம் உலர்ந்துள்ளதை உறுதிசெய்து, தடிப்பாக்கிய எப்பொட்சிக் கலவையால் முற்றாக நிரப்புங்கள். அது இறுகிய பின்னர் நடுவே மரையாணியின் அளவுக்குப் புதுத்துளை இடுங்கள். இனி, துளையின் சுவர் மரமன்று, எப்பொட்சியே. நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. மரையாணியின் தலையிலும் தண்டிலும், வள்ளங்களுக்கெனச் செய்யப்பட்ட பொலியூரித்தேன் அடைப்புப் பசையைத் தாராளமாகப் பூசி, இருபுறமும் அகன்ற வொஷர் இட்டுப் பூட்டுங்கள். துருப்பிடிக்காத உருக்கு மரையாணிகளே ஏற்றவை. மலிவு கருதிச் சிலிக்கன் பசையை இடவேண்டாம். அது நீரினடியில் நெடுநாள் நிலைப்பதில்லை. அது பட்ட இடத்தில் பின்னர் றெசினும் ஒட்டாது.

நீர்த்துளையின் கழுத்தையும் இவ்வாறே கழற்றிப் பசையிட்டுப் பூட்டுங்கள். நீர்த்துளையை நிரந்தரமாக அடைத்துவிடுவது பெருந்தவறு. எத்துணை நன்றாக அடைத்த அறையிலும் சிறிது ஈரம் சேரும். அதனை வடித்துவிட வழி வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: றெசின் ஊக்கியின் ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடியும் கையுறையும் அணியுங்கள். பட்டுவிட்டால் உடனே நிறைய நீராற் கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஊக்கியையும், விரைவில் இறுகச் செய்யும் கோபால்ட் திரவத்தையும் நேராக ஒன்றோடொன்று கலத்தலாகாது. அவை வெடித்துத் தீப்பற்றும். திறந்த வெளியில், நெருப்பில்லாத இடத்தில், பிள்ளைகளைத் தூர நிறுத்தி வேலை செய்யுங்கள்.

எப்பொழுது செய்வது?

சிறுபோக அறுவடை முடிந்து, பெரும்போக விதைப்புக்கு முன்னுள்ள வறண்ட நாட்களே தகுந்த காலம். வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் வள்ளமும் உலராது, உங்களுக்கும் ஓய்வு கிடையாது. வேலை முடிந்தபின் நீலநீர்ச் சோதனையை மறுபடியும் செய்து பார்த்தே வள்ளத்தை வாவியில் இறக்குங்கள். அதன்பின் ஒவ்வொரு தடவையும் கரையேற்றியவுடன் நீர்த்துளையைத் திறந்து பாருங்கள். ஒரு சிரட்டை நீர் வந்தால் அது வியர்வை ஈரமாக இருக்கலாம். ஒரு வாளி வந்தால் எங்கோ வழி திறந்துவிட்டது என்று கொள்ளுங்கள். மீண்டும் இறக்குமுன் அடைப்பைப் பூட்ட மறவாதீர்கள்.

ஏற்றும் பொருளிலும் கவனம் வேண்டும். 13 வீதத்திற்கு மேற்படாத ஈரத்துடன் உலர்த்தி வைத்த விதைநெல், ஒரு பயணத்தில் நனைந்தால் முளைதிறன் கெடும். யூரியா நீரிற் கரைந்தே போகும். ஆகவே மூட்டைகளைப் பொலித்தீன் உறையிட்டு, குறுக்குப் பலகைகளின்மேல், வள்ளத்தின் நடுப்பாகத்தில் ஏற்றுங்கள், பின்புறத்திற் குவிக்கவேண்டாம். ஏறும் ஒவ்வொருவரும் மிதவை அங்கி அணியவேண்டும்.

கமக்காரப் பெருமக்களே, வரம்பைக் கட்டிய பின்னரே வயலுக்கு நீர் பாய்ச்சுகிறீர்கள். அவ்வாறே பின்னறையைச் சோதித்த பின்னரே இவ்வாண்டு வள்ளத்தில் விதைநெல்லை ஏற்றுங்கள்.