மதுப்பழக்கமும் தன்னாய்வும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இவ்விழாவிலே கல்வி, வாணிகம், மகளிர் முன்னேற்றம் என்னும் பொருள்கள் பற்றி அறிஞர் பலர் பேசிச் சென்றனர். செயலாளர் அவர்கள் எமக்கு வகுத்தளித்த தலைப்பு ‘மதுவிலக்கு’ என்பது. அதனைச் சிறிது மாற்றிக்கொள்ள விடை வேண்டுகின்றேம். மதுவிலக்கு என்பது அரசு செய்வது. யாம் பேசப் புகுவதோ, ஒவ்வொருவரும் தனியே அமர்ந்து தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு வினாவைப் பற்றியது. ‘இப்பழக்கம் நம் கையில் இருக்கின்றதா, நாம் இதன் கையில் இருக்கின்றோமா?’ என்பதே அவ்வினா.

சட்டத்தைப் பற்றிப் பேசாது விடுவதேன் என்பீராயின், அதன் வரலாறே விடை கூறும். 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜி அவர்களின் ஆட்சியில் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கு தொடங்கிற்று. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. 1971-இல் தமிழ்நாட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டது, 1974-இல் மீண்டது, 1981-இல் கள், சாராயக் கடைகள் திரும்பத் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனம் தோன்றி, 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்டது. சட்டம் இவ்வாறு வருவதும் போவதுமாயிருக்க, குடிப்பவன் வீட்டு நிலை சட்டத்துக்குக் காத்திராது. ஆகலின் கடையை யார் மூடுவர் என்னும் வினாவைப் பிறர்க்கு விட்டு, நம் வாயை யார் மூடுவது என்னும் வினாவை நாம் எடுத்துக்கொள்வோமாக.

தெருவோரத்தில் விழுந்து கிடப்பவரைப் பற்றி யாம் இன்று பேசவில்லை. அவர் நிலை அவர்க்கும் தெரியும், ஊர்க்கும் தெரியும். இவ்வவையில் உள்ளோர் உத்தியோகம் பார்ப்பவர், கடை நடத்துபவர், வீடு கட்டியவர், மக்களைப் படிக்கவைப்பவர். இவர்களிற் சிலர் மாலைதோறும் சிறிது அருந்துகின்றனர். சிலர் சனிக்கிழமை மட்டும் என்கின்றனர். ‘நாம் குடிகாரர் அல்லேம், அளவோடு கொள்பவரேம்’ என்பது இவர்களின் உறுதி. அவ்வுறுதியைச் சற்றே உரைத்துப் பார்ப்பதுதான் எமது நோக்கம்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாக வைத்தார். அஃது இருப்பது அறத்துப்பாலில் அன்று, பொருட்பாலில். இற்றைப் பதிப்புகள் பலவற்றில் காணும் பகுப்பின்படி, அது நட்பியலுள் அடங்கும். அதற்குப் பின்னே சூதும், அதன் பின்னே மருந்தும் வருகின்றன. கள் நட்பியலில் இடம்பெறுவானேன் என்று மாணாக்கர் எம்மை வினாவுவதுண்டு. கள் பகைவன் வடிவில் எவன் வீட்டுக்கும் வருவதில்லை, நண்பன் வடிவிலேயே வருகின்றது என்று விடை கூறுவேம். களைப்புத் தீர்க்கும் நண்பன், கவலை மறப்பிக்கும் நண்பன், உறக்கம் தரும் நண்பன் என்று புகுந்து, பின்னர் வீட்டுக்கு உடையவனாகி விடுகின்றது. அதனையடுத்துச் சூதும் மருந்தும் நிற்கும் முறையை உய்த்துணர்க.

இனி, ‘அளவு’ என்னும் சொல்லை ஆராய்வோம். எத்துணை அளவு என்று கேட்டால், ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்கின்றனர். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் நாட்டில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் என்பவற்றில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து உண்டு. ஆகவே அக்குப்பியில் உள்ள சத்து ஏறத்தாழ 77 மில்லி. நிறையில் 60 கிராமுக்குச் சற்று மேல். உலகச் சுகாதார நிறுவனம் 10 கிராமை ஓர் அளவை என்று கொள்கின்றது. எனவே ‘ஒன்றுதான்’ என்று நாம் சொல்வது மருத்துவர் கணக்கில் ஆறு. பீர் தீங்கற்றது என்பாரும் உளர். 650 மில்லி பீர் நூற்றுக்கு 5 பங்குடையதாயின் இரண்டரை அளவை; 8 பங்குடையதாயின் நான்கு அளவை. நாள்தோறும் ஒரு குவார்ட்டர் கொள்பவர் ஓராண்டில் உட்கொள்ளும் கலப்பற்ற சாராயம் 22 கிலோவுக்கு மேலாகும். இதனை ‘அளவு’ என்று எவ்வகையாற் கூறுவது?

கல்லீரல் இச்சத்தை ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரையே அழிக்கவல்லது. குளித்தாலும், காப்பி பருகினாலும், மோர் குடித்தாலும் அவ்விரைவு மிகாது. இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டர் முடித்தவர், வைகறை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கும்போது முற்றும் தெளிந்துவிட்டார் என்பது உறுதியன்று. ‘எவ்வளவு கொண்டாலும் நான் தள்ளாடுவதில்லை’ என்று பெருமை பேசுவாரும் உளர். அது வலிமையன்று. மூளை நஞ்சுக்குப் பழகிப்போய், அதே பயனுக்கு மேன்மேலும் வேண்டுகின்றது என்பதற்கு அடையாளமாகும். தள்ளாடாதவன் ஈரலும் தள்ளாடுபவன் ஈரலைப்போலவே துன்புறும். முதலில் அதில் கொழுப்புப் படியும், பின்னர் அழலும், இறுதியில் வடுப்பட்டு இறுகும். தொடக்கத்தில் வலி இராது. அக்கொடுமையினாலேயே பலர் ஏமாந்து போகின்றனர். எனினும் கொழுப்புப் படிந்த நிலையில் குடியை விட்டால் பெரும்பாலும் ஈரல் தேறிவிடும் என்பது ஆறுதல்.

சாராயச் சத்தைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், மகளிர் மார்பு ஆகியவை அதன் இலக்கு. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகக் கூறிற்று. ‘சிறிது கொண்டால் நெஞ்சுக்கு நல்லது’ என்னும் பழைய பேச்சை இனி விட்டுவிடுவது நலம்.

குடிகாரன், குடியாதவன் என இரண்டே வகுப்பு உண்டென்று எண்ணுவதும் பிழை. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட முறை, 11 அறிகுறிகளைக் கூறி, ஓராண்டில் இரண்டு காணப்பட்டாலே நோயின் தொடக்கம் என்கின்றது. இரண்டு மூன்றாயின் மெல்லியது; நான்கு ஐந்தாயின் நடுத்தரமானது; ஆறும் அதற்கு மேலும் கடியது. இஃது ஒரு சரிவு. சரிவில் நிற்பவன் கேட்கவேண்டியது, ‘அடியில் விழுந்துவிட்டேனா?’ என்பதன்று, ‘எப்பக்கம் நகர்கின்றேன்?’ என்பதே.

அதனை அறிய எளிய வினாக்கள் உண்டு. ஈவிங் என்னும் அமெரிக்க மருத்துவர் 1984-இல் வெளியிட்டவை நான்கு. அவற்றின் கருத்து வருமாறு: குறைத்துக்கொள்ளவேண்டும் என்று நமக்கே எப்போதாவது தோன்றிற்றா? பிறர் நம் குடியைக் குறை கூறியபோது சினம் மூண்டதா? அதுபற்றி உள்ளத்தில் குற்றவுணர்வு எழுந்ததா? காலையில் எழுந்தவுடன் நடுக்கம் தீரவோ தலைநோய் தணியவோ அருந்தியதுண்டா? இவற்றுள் இரண்டிற்கு ‘ஆம்’ என்பது விடையாயின், மருத்துவரை நாடல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1989-இல் 10 வினாக்கள் கொண்ட மற்றொரு தாளையும் வகுத்தது. அதில் 40-க்கு 8 வந்தாலே தீங்கின் எல்லை.

யாம் இவற்றோடு, நம் வாழ்வுக்கு ஏற்ற சிலவற்றைச் சேர்க்கின்றேம். மாலை ஆறு மணியானதும் மனம் கடிகாரத்தைப் பார்க்கின்றதா? உறவினர் வீட்டு விழாவுக்குப் போகுமுன், அங்கே கிடைக்குமா என்று எண்ணுகின்றோமா? கொண்ட அளவை மனைவியிடம் குறைத்துச் சொல்கின்றோமா? மலைக்கு மாலையிட்ட நாற்பத்தெட்டு நாள் விட்டிருந்தோம், ஆகவே அடிமையல்லேம் என்கின்றோமா? இக்கடைசி வாதத்தைப் பலரும் கூறக் கேட்டேம். நாற்பத்தெட்டு நாள் விட்டது நன்றே. ஆனால் மாலையைக் கழற்றிய அன்று மாலையே கடைக்கு விரைந்தோமாயின், அந்நாட்களில் நாம் செய்தது விடுதலன்று, காத்திருத்தலே.

‘என் பணம், என் உடல், யார்க்கு என்ன தீங்கு?’ என்பார்க்கு ஒன்று கூறுவேம். இருபதாண்டாக வகுப்பறையில் நிற்பவர் எம்போன்றோர்க்குச் சில தெரியும். எட்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் முதற்பாட வேளையிலேயே உறங்கிவிடுவான். காரணம் வினவியபோது, தந்தையார் வரும் வரையில் தான் விழித்திருப்பதாகக் கூறினான். அவர் அடிப்பவரல்லர், வைபவருமல்லர், பள்ளிக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே செலுத்துபவர். எனினும் வாயிற்கதவின் தாழ்ப்பாள் எழுப்பும் ஓசையைக் கொண்டே அன்றிரவு எத்தகையது என்று அப்பிள்ளை அறிவான். மெல்ல ஒலித்தால் உறங்கப் போவான். இருமுறை தடுமாறி ஒலித்தால், தாய் சோறிட்டு முடிக்கும் வரை கண்மூடான். அத்தந்தையாரைக் கேட்டால், ‘நான் வீட்டில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை’ என்றே கூறுவர். அஃது உண்மையும் ஆகும். ஆயினும் அவர் அறியாமலே ஒரு பிள்ளை இரவுதோறும் காவல் காக்கின்றது. நம் வினாவின் விடையை நம்மைவிட நம் பிள்ளைகளே நன்கு அறிவர். துணிவிருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2019-இல் வெளிவந்த நடுவணரசின் கணக்கெடுப்பின்படி, நாட்டில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர்; அவருள் 5.7 கோடிப் பேர்க்கு உதவி தேவைப்படுகின்றது. இத்துணைப் பெருந்தொகையில் நம் மரபினர் ஒருவரும் இல்லை என்று சங்கம் கூறமுடியுமா?

முடியாதாகலின், சங்கம் செய்யவேண்டியவற்றைக் கூறுகின்றேம். திருமணத்துக்கு முன்னாளிரவு நண்பர்க்கு விருந்தென்றும், சாவு வீட்டில் உழைப்பார்க்குக் கூலியென்றும் குப்பி வழங்கும் வழக்கத்தை விடல் வேண்டும். ‘வேண்டா’ என்பவனைக் கேலி செய்து கொடுக்கும் நட்பு நட்பன்று. எல்லாவற்றினும் முதன்மையானது வேறொன்று. மாப்பிள்ளை குடிக்கின்றான் என்று தெரிந்தும், ‘இக்காலத்தில் யார்தான் குடிப்பதில்லை’ என்று பெண் கொடுக்கின்றோம். குடியை விடுதற்கு மருத்துவமனையிற் சேர்ந்து தேறியவன் என்று தெரிந்தாலோ, ‘அவ்வீட்டுச் சம்பந்தம் வேண்டா’ என்கின்றோம். நோயைப் பொறுத்து மருந்தை இகழ்கின்ற இவ்வழக்கத்தினாலேயே பல குடும்பங்கள் தங்கைக்கு வரன் அமையும் வரை தமையனின் நோயை மூடிவைத்து, அவனை இழந்துவிடுகின்றன. சிகிச்சை பெற்றவனை மதித்தல் வேண்டும் என்பதே இம்மன்றத்தில் யாம் வேண்டிக்கொள்ளும் ஒரே தீர்மானம்.

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை. எம் பேச்சைக் கேட்டு உணர்ச்சி மிகுந்து, நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாக அருந்தியவர் எவரும் நாளையே தாமாக முற்றும் நிறுத்திவிடல் வேண்டா. அத்தகையார் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கைகால் நடுக்கமும், வலிப்பும், அறிவு மாறாட்டமும் தோன்றி உயிர்க்கே இடர் நேர்தல் உண்டு. மருத்துவரிடம் சென்று, அவர் மேற்பார்வையில் விடுக. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையிலே சாந்தி அரங்கநாதன் அம்மையார் 1980-இல் நிறுவிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிலையம் குடிநோயரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பேணி வருகின்றது. 14446, 14416 என்னும் எண்களில் கட்டணமின்றித் தொலைபேசியிற் கலந்து பேசலாம். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் கூட்டுறவின் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடைபெறுகின்றன. அங்கே பெயரும் குலமும் கேட்பாரில்லை.

நாள்தோறும் அல்லாது சிறிது அருந்துவோர்க்கு எளியதொரு சோதனை கூறுவேம். சிறு குறிப்பேடு ஒன்றில் 30 நாள் அருந்தியதை மில்லியிலும் ரூபாயிலும் ஒளிவின்றி எழுதுக. திங்கள் இறுதியில் அத்தொகையை மக்களின் கல்விச் செலவோடு ஒப்பிடுக. அடுத்த 30 நாள் முற்றும் விட்டிருந்து பார்க்க. எளிதாயின் மகிழ்ச்சி, அவ்வாறே தொடர்க. கடினமாயின் நீவிர் தேடிய விடை கிடைத்துவிட்டது. நாணாது துணை நாடுக.

‘குடி’ என்னும் ஒரு சொல்லுக்கே தமிழில் அருந்துதல் என்றும், குடும்பம் என்றும் பொருள் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில் நெடுநாள் தங்குவதில்லை. இச்சங்கம் தோன்றியது குடி உயர்தற்பொருட்டு. எக்குடி உயர்தல் வேண்டும் என்பதை இன்றிரவு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிற் சென்று எண்ணிப் பார்ப்பீராக.