பன்னிரண்டு கூடைகள்



பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறிவிட்டது. ஆகஸ்டு 5 திருவிழா வரை ஊர் நிறைய விருந்தினர்கள். இன்றைய நற்செய்தியும் (யோவான் 6:1-15) கரையோரம் கூடிய ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றியதுதான்.

ஐந்து அப்பம், இரண்டு மீன், ஐயாயிரம் பேர். எல்லாரும் வயிறார உண்டபின் இயேசு சீடர்களுக்கு ஒரு வேலை தருகிறார். மிஞ்சியதையெல்லாம் சேர்க்கச் சொல்கிறார். இவ்வளவு பெரிய புதுமை செய்தவருக்கு மீதித் துண்டுகளைப் பற்றி ஏன் கவலை? கொடை தாராளமாகக் கிடைத்தது என்பதற்காக அதை வீணாக்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. கூட்டம் கலைந்தபோது 12 கூடைகள் நிறைந்திருந்தன.

நம் கரையில் கூட்டம் கலைந்தபின் என்ன கிடக்கிறது? காணும் பொங்கலுக்கு மறுநாள் காலை முயல் தீவுக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் பாட்டில், பாலித்தீன் பை, சாப்பாட்டுப் பொட்டலம். காற்றடித்தால் அத்தனையும் கடலுக்குள். மிதக்கும் பையை இழுதுமீன் என்று நினைத்து ஆமை விழுங்குகிறது.

அந்தக் கடல் சாதாரணக் கடல் அல்ல. தூத்துக்குடி முதல் இராமேஸ்வரம் வரை 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில், அலைக்குத் தடுப்புச் சுவர். அந்தக் கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தோம். கடல்மட்டமும் உயர்ந்தது. விலாங்குசல்லித் தீவு நீருக்குள் போய்விட்டது. சுருங்கிப்போன வான் தீவைக் காப்பாற்ற அரசு செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். முத்துக்குளித்துறை என்ற பெயர் மட்டும் இன்றும் நம்மோடு இருக்கிறது.

திருப்பலி முடிந்ததும் ஒரு பெரியவர் கேட்டார்: “சாமி, ஊரைச் சுத்தி ஆலையும் துறைமுகமுமா இருக்கு. நான் ஒரு பையைப் பொறுக்கினா கடல் பிழைச்சிருமா?”

நியாயமான கேள்வி. ஆலைக்கழிவைப் பற்றிக் கேட்பது நம் உரிமை, நம் கடமையும்கூட. ஆனால் நம் குப்பையைக் கரையில் போட்டுவிட்டு அடுத்தவர் கழிவைப் பற்றிக் கேட்டால் அந்தக் கேள்விக்கு வலு இருக்காது. ஐந்து அப்பம் இவ்வளவு பேருக்கு எம்மாத்திரம் என்று அந்திரேயாவும்தான் கேட்டார். ஆனாலும் அந்தச் சிறுவன் தன் கையில் இருந்ததைக் கொடுத்தான்.

ஆகவே இந்தத் திருவிழாவில் மூன்று காரியம் செய்வோம். வீட்டிலிருந்தே தண்ணீரும் துணிப்பையும் கொண்டு வருவோம். ஒவ்வொரு அன்பியமும் ஒருநாள் மாலை கூடையோடு கடற்கரைக்குப் போகட்டும். சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றும் தம்பிகளே, பாறைமேல் நங்கூரம் போடாதீர்கள்; தடைசெய்யப்பட்ட தீவில், எவ்வளவு காசு கொடுத்தாலும், ஆளை இறக்காதீர்கள். கடல் அழிந்தால் அதைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். வலை வீசப் போகும் உங்கள் அப்பாவுக்கும் பாடு இருக்காது.

விருந்தினர் திரும்பிப் போனபின் நம் கரை எப்படி இருக்கிறதோ, அதுவே நாம் அன்னைக்குச் செலுத்தும் காணிக்கை. பனிமய அன்னை நமக்காகப் பரிந்துபேசுவாராக. ஆமென்.