கயிறு பிடிக்கும் கை



முத்துக்குப் பெயர்பெற்றது இத்தூத்துக்குடிக் கடல். முற்காலத்தில் முத்துக்குளிப்போர் கனத்த கல்லின் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவர். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பற்றிக் காத்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் விரைந்து இழுத்துக்கொள்வார். அக்கையை நம்பியே குளிப்பவர் அஞ்சாது மூழ்குவார்.

நூற்கடலுள் இறங்கும் குழந்தைக்கும் அத்தகைய கை ஒன்று வேண்டும்.

இந்நகரத் துறைமுகம் தாங்கி நிற்கும் பெயருக்குரியவர் வ. உ. சிதம்பரனார். 1872-ஆம் ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், சிவபெருமான் கதைகளைப் பாட்டியாரிடமும், இராமாயணக் கதைகளைப் பாட்டனாரிடமும் கேட்டு வளர்ந்தார். இளமையிற் செவிவழிப் புகுந்த அச்சுவை அவரை விட்டு நீங்கவில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய அப்பெருமகனார், 1908-இல் சிறை புகுந்தார், செக்கிழுத்தார். அந்நிலையிலும் நூலைக் கைவிட்டாரல்லர். ஜேம்ஸ் ஆலன் என்பாரின் ஆங்கில நூலை ‘மனம்போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார். விடுதலைக்குப் பின் வறுமை வாட்டிய காலத்தும், 1917-இல் திருக்குறள் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். கப்பல் போயிற்று, செல்வம் போயிற்று, கற்ற தமிழ் உடன் நின்றது.

இன்று, “பிள்ளை புத்தகத்தைத் தொடுவதில்லை” என்று சன்னிதியில் முறையிடும் பெற்றோர் பலர். வீட்டில் அவர்தம் கையில் இருப்பதோ கைப்பேசி! பெரியோர் தொடாத நூலைச் சிறியோர் எங்ஙனம் தொடுவர்?

மாலையில் விளக்கேற்றியபின் கால்மணி நேரம் குடும்பத்தார் ஒன்றாக அமர்க. நாயன்மார் வரலாறாயினும், தெனாலிராமன் கதையாயினும் குழந்தை விரும்புவதை எடுக்க. ஒரு பக்கம் பெரியவர் படிக்க, மறுபக்கம் குழந்தை படிக்கட்டும். தேர்வு வைத்தல் வேண்டா. பிழைக்குச் சினத்தலும் வேண்டா. பொருள் விளங்காது குழந்தை திகைக்கும்போது மட்டும் கயிற்றை இழுத்தல் போதும்.

உப்பளத்தில் உழைத்து மீளும் தாய் எழுத்தறியாதவளாக இருக்கலாம். அதனாற் குறைவில்லை. மகள் படிக்கட்டும், தாய் கேட்கட்டும். “அப்புறம் என்ன ஆயிற்று?” என்று அவள் கேட்கும் ஒரு கேள்வியே குழந்தையை அடுத்த பக்கத்திற்கு அழைத்துச் செல்லும். கேட்கும் தாயும் கயிறு பிடிப்பவளே.

அன்பர்களே! இச்சிறுநூலை விபூதி குங்குமத்தோடு இல்லம் கொண்டு செல்க. இன்றிரவே இதன் ஒரு பக்கத்தைக் குழந்தை வாசிக்க, வீட்டார் அனைவரும் அமர்ந்து கேட்க.

செந்திலாண்டவன் திருவருள் முன்னிற்க!