இணையத்திலே நமக்கொரு சொந்தக் கடை

(எமது சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வியாபாரத்தைப் பற்றியது. திறந்த மூல மென்பொருளினால் அமைத்த இணையத்தளத்திலே கடை வைப்பது எங்ஙனம், அதற்குள்ள வழிகள் யாவை, அவற்றுள் நமக்குப் பொருந்துவது எது என்பவற்றை ஆராய்வோம். இது வாலிபரின் பொழுதுபோக்கு என்று பெரியோர் ஒதுக்கிவிடலாகாது. களனி கங்கைக்குத் தெற்கே கொட்டாஞ்சேனையிலும், செட்டியார் தெருவிலும், வெள்ளவத்தைக் காலி வீதியிலும் நம்மவரின் எத்தனையோ குடும்பங்கள் கடையை நம்பி வாழ்கின்றன. புடைவைக் கடை, நகைக் கடை, பலசரக்குக் கடை மாத்திரமன்று. வீட்டிலேயே மிளகாய்த் தூள் இடித்து, பலகாரம் செய்து விற்கும் தாய்மாரும் உளர். ஆதலால் இஃது அவர்களுடைய அடுப்பையும் நமது பிள்ளைகளின் படிப்பையும் தொட்ட விடயமேயாகும்.

2020 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆந் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டதை நாம் மறந்துவிடவில்லை. கடைக் கதவு மூடியதும், வாடிக்கையாளரின் பெயரும் விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதிய பேரேடு வைத்திருந்த வியாபாரி வீட்டிலிருந்தே கட்டளை பெற்றார். வாசலால் வருபவரின் முகத்தை மட்டும் அறிந்திருந்த வியாபாரிக்கு யாரை அழைப்பதென்றே தெரியவில்லை. கடையின் உயிர் கட்டிடத்தில் இல்லை, அந்தப் பேரேட்டில் இருக்கிறது என்பதை அந்நாட்கள் காட்டின. நாம் இன்று சொல்லப்போவது யாவும் இந்த ஒன்றையே சுற்றி நிற்கும்: பேரேடு யாருடைய கையில் இருக்கிறது?

இணையத்திலே விற்பதற்கு மூன்று நிலைகள் உண்டு. முதலாவது, டராஸ் போன்ற பெருஞ் சந்தையிலே ஒரு மூலை பெறுவது. அங்கே கூட்டம் உண்டு. ஆனால் சட்டமும் கொமிசனும் சந்தைக்காரருடையவை, வாடிக்கையாளரை அறிந்தவரும் அவரே. இரண்டாவது, ஷொப்பிஃபை போன்ற கொம்பனியிடம் மாத வாடகைக்குக் கடை எடுப்பது. வேலை இலகு, ஆனால் வாடகை டொலரில். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் அது ஏறக்குறைய 360 ரூபாவாயிற்று. மாத வாடகை 30 டொலர் என்று வைத்துக்கொண்டால், 6,000 ரூபா கட்டியவர் இரண்டு மாதங்களுக்குள் 10,800 ரூபா கட்ட நேர்ந்தது. விற்பனையோ கூடவில்லை. மூன்றாவது நிலை, திறந்த மூலத்தின்மேல் நமது சொந்தக் கடையைக் கட்டுவது.

திறந்த மூலம் என்பது யாது? யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பங்காளிகள் எல்லோரும் முறை வைத்து இறைப்பர். தண்ணீருக்கு விலை இல்லை. ஆனால் துலாவும் கயிறும் அவரவர் பொறுப்பு. கோடையிலே கிணறு இறைத்துச் சேறு வாரும் நாளில் எல்லோரும் நிற்க வேண்டும். திறந்த மூல மென்பொருளும் அத்தகையதே. அதன் நிரலை எவரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். இந்த உரிமையை எழுத்திலே உறுதிசெய்யும் ஜிபிஎல் என்னும் உரிமப் பத்திரம் 1989 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்னும் அமெரிக்கரால் வகுக்கப்பட்டது.

கட்டுரைகளையும் படங்களையும் நிரல் எழுதத் தெரியாதவரும் இணையத்தளத்தில் ஏற்றி ஒழுங்குபடுத்த உதவும் மென்பொருளை உள்ளடக்க முகாமை மென்பொருள் என்பர். அவ்வகையில் மூன்று பெயர்கள் பிரசித்தமானவை. பெல்ஜியத்தைச் சேர்ந்த ட்ரீஸ் பொய்டார்ட் 2001 இல் பொதுவுக்கு அளித்தது ட்ரூபல். 2003 இல் தோன்றியது வேர்ட்பிரஸ். 2005 இல் மாம்போ என்னும் மென்பொருளிலிருந்து பிரிந்தது ஜூம்லா. சுவாகிலி மொழியில் ‘எல்லோரும் சேர்ந்து’ என்ற பொருள்படும் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. மாம்போவின் உரிமை பற்றிப் பிணக்கு ஏற்பட்டபோது, அதை ஆக்கியோர் நிரலை எடுத்துக்கொண்டு வெளியேறிப் புதுப் பெயரில் தொடர்ந்தனர். உரிமப் பத்திரம் இடங்கொடுத்தபடியால் அது சாத்தியமாயிற்று. வாடகைக் கடையிலே இருப்பவர் இப்படிச் சுவரையும் கூரையையும் தூக்கிக்கொண்டு வெளியேற முடியுமா?

நம் நாட்டுக்கு இது புதிதுமன்று. 2004 டிசெம்பர் ஆழிப் பேரலைக்குப் பின், காணாமற் போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவதற்காக இலங்கை இளைஞர் கூடி ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். பின்னர் அது பாகிஸ்தான் பூகம்பத்திலும் ஹெயிற்றிப் பூகம்பத்திலும் பயன்பட்டது. கொழும்பில் எழுதியதை உலகம் எடுத்தாளும்போது, உலகம் எழுதியதைக் கொழும்பு எடுத்தாள்வதிலே கூச்சம் என்ன?

இனி, கடை வைக்கும் வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, கடைநிரலே இல்லாத கடை. வேர்ட்பிரஸ் தளத்திலே பொருளின் படம், விலை, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை இட்டுவிட்டு, கட்டளையைத் தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் பெறுவது. மாதத்துக்குப் பத்து இருபது கட்டளை பெறும் வீட்டுத் தொழிலுக்கு இது போதும்.

இரண்டாவது வழி, வேர்ட்பிரசுடன் வூகொமர்ஸ் என்னும் துணைநிரலைச் சேர்ப்பது. ஜிகோஷொப் என்னும் நிரலிலிருந்து 2011 இல் பிரிந்து வந்தது இது. 2015 முதல் ஓட்டோமற்றிக் கொம்பனியின் பொறுப்பில் இருக்கிறது. பொருட்பட்டியல், கையிருப்பு, கூடை, அனுப்புசெலவு யாவும் இதில் உண்டு. நமக்கு இதிலே ஒரு விசேடம், பொருளைக் கையில் கொடுத்துக் காசு வாங்குவதும், வங்கிக் கணக்கில் இடச் செய்வதும் மேலதிகச் செலவின்றி இதனுள்ளேயே அமைந்திருப்பது. சந்தா, விசேட அனுப்புமுறை போன்றவற்றுக்கான துணைநிரல்கள் சில விலைக்குரியவை என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே ஜூம்லாவிலோ ட்ரூபலிலோ தளம் உடையவருக்கானது. ஜூம்லாவுக்கு வேர்ச்சுமார்ட் உண்டு. ட்ரூபலுக்கு முன்னாளில் ஊபர்கார்ட் வழங்கியது. 2011 முதல் ட்ரூபல் கொமர்ஸ் உண்டு. பலவகை விலையும் பலவகைப் பொருளும் உடைய பெரிய ஸ்தாபனத்துக்கு ட்ரூபல் உகந்தது. ஆனால் தேர்ந்த நிரலாளரின்றி அதை நடத்துவது கடினம். அன்றியும், ட்ரூபலின் ஏழாம் பதிப்புக்கான ஆதரவு 2025 ஜனவரி 5 உடன் முடிந்துவிட்டது. பழைய பதிப்பிலே கடை வைத்திருப்போர் காலந் தாழ்த்தாது புதிய பதிப்புக்கு மாறுதல் வேண்டும்.

நான்காவது வழி, கடைக்கென்றே பிறந்த திறந்த மூல மென்பொருளை எடுப்பது. ஓப்பின்கார்ட், பிரெஸ்டாஷொப், மெஜென்டோ என்பன அவை. ஆயிரக்கணக்கான பொருள்களுடைய கடைக்கு இவை தகும். கட்டுரையும் செய்தியும் சேர்த்து நடத்த விரும்புவோர்க்கு இவை அத்துணை வசதியானவை அல்ல.

வழியைத் தெரிந்துகொள்ளுமுன் ஆராய வேண்டியது பணம் வரும் வாயில். வெளிநாட்டு வழிகாட்டி நூல்கள் பேபாலை முதலில் சொல்லும். நம் நாட்டிலிருந்து அதன்மூலம் பணம் கொடுக்க முடிந்தபோதிலும், பணம் பெறும் வசதி பல்லாண்டுகளாகக் கிடைக்கவில்லை. அந்நூல்களை நம்பித் தளத்தைக் கட்டி முடித்தவர், காசு வாங்க வாயிலின்றித் திகைக்க நேரும். ஆதலால் வங்கிகளிலும், பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்நாட்டுச் சேவைகளிலும் முதலில் விசாரித்து, நாம் எடுக்கும் கடைநிரலுக்கு அவர்களிடம் இணைப்பு உண்டா என்று கேட்டறிதல் வேண்டும். வூகொமர்சுக்கு இத்தகைய இணைப்புகள் உள. இந்த வாயிலுக்குக் கொமிசனும் உண்டு. நூற்றுக்கு 3 என்று வைத்துக்கொண்டால், 4,000 ரூபாப் பலகாரப் பொதியிலே 120 ரூபா போய்விடும். பொருளின் விலையைத் தீர்மானிக்கும்போதே இதைக் கணக்கிற் கொள்ள வேண்டும்.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு அட்டை தேவையில்லை. 2015 இல் ஆரம்பித்த சீஃப்ட்ஸ் முறையினால் வங்கிக்கு வங்கி உடனே பணம் மாறுகிறது. மத்திய வங்கி ஏற்படுத்திய லங்காகியூஆர் குறியும் உண்டு. அட்டை வாயில் இன்றியமையாதது கடல் கடந்த உறவினருக்கே. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் மகன், வெள்ளவத்தையிலே தனித்திருக்கும் தாய்க்குத் தீபாவளிக்குச் சேலையும் பலகாரமும் அனுப்ப விரும்புகிறான். அவனுக்கு நமது கடையின் வாசல் இணையத்தளமேயன்றி வேறில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைக்கிறோம். அட்டை இலக்கத்தை நமது தளத்திலே பதிந்து வைக்கவே கூடாது. வாடிக்கையாளர் வாயிற்காரரின் பக்கத்துக்குச் சென்று பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வரும் முறையே நமக்குப் பாதுகாப்பு. பேரேடு நம் கையில் இருப்பதனால் அதன் காவலும் நம் கடனாகிறது. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இக்கடமையை வற்புறுத்துகிறது.

சொந்தக் கடையின் மெய்யான செலவு எதுவென்று இப்போது விளங்கும். மென்பொருள் இலவசம், பராமரிப்பு இலவசமன்று. 2014 ஒக்டோபர் 15 இல் ட்ரூபலில் ஒரு பெரும் ஓட்டை வெளியாகி, திருத்தமும் அன்றே வழங்கப்பட்டது. அறிவித்து 7 மணித்தியாலத்துக்குள் திருத்தாத தளம் ஒவ்வொன்றும் கள்வர் கைப்பட்டதென்றே கொள்க என்று அதன் பாதுகாப்புக் குழுவினர் பின்னர் எச்சரித்தனர். 2021 ஜூலையில் வூகொமர்சிலும் ஆபத்தான ஓட்டையொன்று கண்டு அடைக்கப்பட்டது. ஓட்டை இல்லாத கூரை உலகில் இல்லை; ஏணி வைத்து ஏறிப் பார்ப்பவர் உண்டா என்பதே கேள்வி.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருளின் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள். அதை யூனிகோட் எழுத்தில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவிலே தட்டியதை அப்படியே ஒட்டினால், பிறர் திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தோன்றலாம்; ‘பனங்கட்டி’ என்று தேடுபவர் அதைக் காணவும் மாட்டார்.

ஆகவே நமது முடிபு இதுவாகும். சிறு தொழில் உடையோர் முதல் வழியில் தொடங்குக. கட்டளை பெருகும்போது அதே தளத்தில் வூகொமர்சைச் சேர்த்துக்கொள்க. எழுதியது ஒன்றும் வீணாகாது. சந்தையிலே மூலை வைத்திருப்போர் அதை விட்டுவிட வேண்டுவதில்லை. கூட்டத்தைச் சந்தையிலே காண்க. பேரேட்டைச் சொந்தக் கடையிலே வளர்க்க. ஆனால் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் சொந்தக் கடை கட்டாதிருப்பதே நன்று. அவருக்கு வாடகைக் கடையே மேல்.

அந்த ஆளை எங்கே தேடுவது? வாலிப அன்பர்களே, அதற்காகவே உங்கள்முன் இதைப் பேசினோம். ஒரு கடைக்கு ஒரு வாலிபர் என்று ஏற்றுக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும்: புதிய திருத்தங்களை ஏற்றுதல், தளத்தின் பிரதியொன்றை வேறிடத்தில் எடுத்து வைத்தல், ஒரு கட்டளை இட்டுப் பார்த்து வாயில் திறந்திருக்கிறதா எனச் சோதித்தல். பெரியோர்களே, அந்தப் பிள்ளைக்குத் தகுந்த கூலியைக் கொடுங்கள். திறவுச் சொற்களை எழுதி உங்கள் பெட்டகத்திலும் ஒரு பிரதி வையுங்கள். பிள்ளை நாளை வெளிநாடு போனாலும் கடை பூட்டியிருக்கலாகாது. கிணறு பொதுவானது, தண்ணீரும் நிறைய உண்டு; துலாவிலே ஏறுவதற்கு இளையவரும், கயிற்றைப் பிடிப்பதற்கு மூத்தவரும் முன்வருதல் வேண்டும்.