வெப்பப் பம்பியும் வீட்டாரும்

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்த நேயர்கள் அங்கே வெம்மை இருப்பதை உணர்ந்திருப்பார்கள். உள்ளே வைத்த பண்டங்களிலிருந்து கவரப்பட்ட வெப்பமே அவ்வழியாக வெளியேறுகின்றது. இதே வேலையை ஒரு முழு வீட்டுக்காகச் செய்வதே வெப்பப் பம்பி. பனிக்காலத்து வெளிக்காற்றிலும் எஞ்சியிருக்கும் வெப்பத்தைத் திரட்டி அது வீட்டினுள்ளே சேர்க்கின்றது. 1852ஆம் ஆண்டிலே கெல்வின் பிரபு இக்கருத்தை எடுத்துரைத்தார். நோர்வே, கனடா போன்ற குளிர்நாடுகளில் இன்று எத்தனையோ இல்லங்கள், நம்மவர் குடியேறிய இல்லங்களும் உட்பட, இக்கருவியை நம்பியே இருக்கின்றன. அங்கே மாரிகால நள்ளிரவில் அது நின்றுவிட்டால், குழந்தைகளும் முதியோரும் படும்பாடு சிறிதன்று.

அடுப்பு வெப்பத்தை உண்டாக்குகின்றது. வெப்பப் பம்பியோ அதைச் சுமந்து வருகின்றது. அதனாலேதான் ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பத்தை அதனால் தரமுடிகின்றது. சுமப்பவனுக்கு வழி திறந்திருக்க வேண்டுமல்லவா? வீட்டில் நேரும் குறைகளுட் பல, வழி அடைபட்டதனால் வருவனவே.

அறை போதிய சூடு அடையாவிட்டால், முதலில் உட்கருவியின் காற்று வடிகட்டியைப் பார்த்தல் வேண்டும். தூசி படிந்திருப்பின் கழுவி, நன்கு உலர்த்தி, மீண்டும் பொருத்தலாம். வெளிக்கருவியைச் சூழ்ந்த பனியையும் சருகையும் அகற்றுவதும் வீட்டாரின் கடமையே.

சில வேளைகளில் வெளிக்கருவியிலிருந்து புகைபோல் ஒன்று எழும். உள்ளே வெப்பக் காற்றும் சில நிமிடம் நின்றுவிடும். இது பழுதன்று. தன்மீது படிந்த உறைபனியை உருக்குதற்காகக் கருவி வெப்பத்தைத் திருப்பி அனுப்புகின்றது, எழுவது நீராவியே. இதையறியாது கருவியை நிறுத்துவதும் இயக்குவதுமாக இருத்தல் தவறு. நிறுத்திய கருவி மீண்டும் தொடங்கச் சில நிமிடம் தாமதிப்பதும் அதன் இயல்பே. ஆனால் பனிக்கட்டி தடித்து, நெடுநேரமாகியும் உருகாதிருந்தால் அது பழுதே. அதனைக் கத்தியாற் கொத்துவோர், மெல்லிய தகடுகளையும் குழாயையும் சிதைத்துவிடுவர்.

விரைவிற் சூடேறட்டும் என்று வெப்பநிலையை முப்பது பாகைக்கு உயர்த்துவோரும் உளர். அதனால் பயன் அரிது. துணை மின்சூடாக்கி பொருத்தப்பட்ட கருவியாயின், அதுவும் இயங்கி மின்கட்டணமே உயரும்.

வீட்டார் நிறுத்திக்கொள்ள வேண்டிய எல்லையும் ஒன்றுண்டு. மின்தடுப்பான் விழுந்தால் ஒருமுறை உயர்த்திப் பார்க்கலாம். மறுமுறையும் விழுந்தால் அதைத் தொடலாகாது. எரிந்த நாற்றம் வீசினால் உடனே மின்னிணைப்பைத் துண்டித்தல் வேண்டும். குளிரூட்டும் வாயுவோ எண்ணெய்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்க்குள்ளே சுற்றிக்கொண்டேயிருப்பது. அது குறைந்ததென்றால் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புதல், ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பது போலாகும். இவை பயின்ற தொழில்வல்லுநருக்கே உரிய பணிகள்.

கருவியின் இயல்பு எது, பழுது எது எனப் பகுத்தறிந்த வீட்டில் வீண் செலவும் இல்லை. குளிரில் நடுங்கும் இரவும் இல்லை.