வட்டத்தின் அளவும் தாய்மொழியின் வலிவும்



வண்டியுருளை சிறிதாயினும் பெரிதாயினும், அதன் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவது ஒரே எண். அவ்வெண்ணுக்குப் ‘பை’ என்னும் கிரேக்க எழுத்தை 1706இல் வில்லியம் சோன்சு குறியாக்கினார். குறி எம்மொழியதாயினும் எண் எல்லார்க்கும் பொது. ஆனால், அவ்வெண் வந்த வழியை விளங்கிக்கொள்ளும் அறிவு தாய்மொழியிலேயே வேர்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைகள் பலர் அவ்வெண் 22/7 என்றே உருப்போடுகின்றனர். 22/7 வட்டத்தின் அளவன்று. அவ்வளவு தாண்டாத வேலி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் சிராக்கூசு நகரத்து ஆர்க்கிமிடீசு அவ்வேலியை இட்டார். வட்டத்தின் உள்ளும் புறமும் ஆறு பக்க உருவங்களை அமைத்து, பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்தார். உள்ளுருவின் சுற்று வட்டத்தினும் குறைவு. புறவுருவின் சுற்று மிகுதி. இடையில் அகப்பட்ட எண் 223/71க்கு மேலும் 22/7க்குக் கீழும் உள்ளது என நிறுவினார்.

தமிழ்க் கணக்கதிகாரமும், விட்டத்தை ஏழு கூறாக்கி, நான்கு கூட்டி, இரட்டித்தால் சுற்றளவு வரும் என்கிறது. அதுவும் 22/7தான். ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைக்கு இதனால் நேரும் வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. தச்சருக்கு இது போதும். 1,000 மீட்டர் விட்டமுள்ள வட்டத்திலோ ஒன்றேகால் மீட்டர் பிழை நேரும். முன்னோர் தந்த கைவழியைப் போற்றுவோம். அதனையே முடிந்த முடிபெனப் பறைசாற்றுதல் அவர்க்குப் பெருமையாகாது.

பக்கங்களை எண்ணாமல் எண்களைக் கூட்டியே அவ்வளவை நெருங்கும் வழியைக் கண்டவர் 14ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் பிறந்த சங்கமகிராம மாதவர். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து, இவ்வாறே ஒற்றைப்படை எண்கள்தோறும் சென்று, வந்ததை நான்கால் பெருக்க வேண்டும். இவ்வழி மிக மெல்ல நகரும். ஐந்து உறுப்புகள் கூட்டியபின் கிடைப்பது 3.3397. ஆகவே எஞ்சியதை ஈடுசெய்யத் திருத்தமும் வகுத்தனர். நான்கால் பெருக்குமுன் 5/101ஐக் கழித்தால், அதே ஐந்து உறுப்புகளால் 3.14166 கிடைக்கும்! மாதவர் வழியில் வந்த அளவு 3.14159265359, பதின்மப் புள்ளிக்குப் பின் 11 இடம் செப்பமானது. ஐரோப்பாவில் இத்தொடர் 17ஆம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது.

இங்கே தமிழர் நெஞ்சிற் பதிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாதவர் மரபினர் முடிபுகளைப் பெரிதும் சமற்கிருதப் பாக்களில் அடக்கினர். ஏறத்தாழ 1530இல் சியேட்டதேவர் ‘யுக்திபாசா’ என்னும் நூலில், அவை எவ்வாறு வந்தன என்னும் காரணங்களை மலையாள உரைநடையிலேயே படிப்படியாக விளக்கினார். உயர்கணக்கைத் தாங்க மக்கள்மொழிக்கு வலிவில்லை என்பார்க்கு, நானூற்றைம்பது ஆண்டுகட்கு மேற்பட்ட அந்நூலே விடை.

எந்தக் கீழ்வாய் எண்ணாலும் இவ்வளவை முற்றச் சொல்லவியலாது என 1761இல் இலாம்பர்ட்டு நிறுவினார். ஆகவே பிள்ளைகட்கு 22/7ஐ உருப்போடக் கற்பிப்பது கணக்குக் கற்பிப்பதாகாது. நூலும் அளவுகோலும் கையிற் கொடுத்து, வட்டத்தை அளக்கச் செய்து, ‘ஏன்?’ என அவர்கள் தமிழிற் கேட்கவும், ஆசிரியர் தமிழில் விடை சொல்லவும் வழிசெய்க! அதுவே இன்றைய தமிழ்ப்பணி.